எட்டுப் பழம்

குரங்குக்குக் காசநோய் கொடுத்தவள் என்று பூவம்மாவுக்கு ஒரு பெயர் இருந்தது. குரங்கிடமிருந்து மனிதருக்குச் சீக்கு வந்தது என்றால் யாரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மனுஷியிடமிருந்து குரங்குக்குப் போயிற்று என்று சொல்லி ஒருத்தியின் வேலையைப் பிடுங்கி, வீட்டைப் பிடுங்கி, பெற்ற பிள்ளையையும் பிடுங்கிக்கொண்ட கதை சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங் பக்கத்தில் இவளுடையது ஒன்றுதான். அந்தப் பெயரை அவளுக்குச் சூட்டிய புண்ணியவான் இராஜசிங்கம். அதை அவர் தலையிலேயே திருப்பி வைக்க அவளுக்கு ஐந்து வருஷம் பிடித்தது.

பதினோராங்கட்டையில், அதாவது பதினோராவது மைல்கல்லுக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே வேலி போட்டு, வெள்ளைக்காரர்கள் ஓர் ஆராய்ச்சிக் கூடம் நடத்தினார்கள். இளம்பிள்ளை வாதத்துக்கு வந்த தடுப்பு மருந்தைப் பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன் குரங்குகளுக்குப் போட்டுப் பார்ப்பார்கள். அதற்கு எந்தச் சீக்கும் அண்டாத குரங்கு வேண்டும். சீக்குள்ளதில் சோதித்தால், செத்தது மருந்தாலா சீக்காலா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஜொகூர்க் காட்டில் பிடித்து லாரியில் கொண்டுவரும் குரங்குகளை முதலில் காவல் கொட்டகையில் தொண்ணூறு நாள் தனித்தனிக் கூண்டில் வைப்பார்கள். மேல் இமையில் ஒரு துளி மருந்து ஊசியால் ஏற்றி, மூன்று நாள் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இமை வீங்கித் தொங்கினால் உள்ளே காசம் இருக்கிறது. மூன்று தடவை இப்படித் தேறிய குரங்குதான் சுத்தக் கொட்டகைக்குள் போகும்.

1955இல் பூவம்மா அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. புருஷன் மருதப்பன் பக்கத்து ரப்பர் ஆலையில் இருந்தான். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை, தமயந்தி. சுத்தக் கொட்டகைக்குள் நுழைய வேண்டுமென்றால் கட்டிவந்த சேலையைக் களைந்து, சோப்புப் போட்டுக் குளித்து, அவர்கள் தரும் வெள்ளை உடுப்பைப் போட்டு, வாயையும் மூக்கையும் துணியால் கட்டி, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்தால் மறுபடி குளியல். கோயில் குருக்கள்கூட ஒரு நாளில் அத்தனை தடவை குளித்திருக்க மாட்டார். குரங்குகளுக்குக் கொடுக்கும் வாழைப்பழமும் தப்பாது. நாவல் பழச் சாறுபோல் இருக்கும் பெர்மாங்கனேட் தண்ணீரில் ஊறித் தோல் பழுப்பேறிய பிறகுதான் உள்ளே போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலையாட்கள் எல்லாருக்கும் நெஞ்சுப் படம் எடுப்பார்கள். ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் படம் கிடையாது. அவர்கள்தான் கொட்டகைக்குள் போவதில்லையே என்று சட்டம் எழுதியவர் நினைத்துக்கொண்டார்.

பூவம்மாவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஐம்பத்திரண்டு குரங்கையும் முகம் பார்த்தே சொல்வாள். உச்சந்தலையில் முடியில்லாத ஒன்றுக்கு மொட்டை என்று பெயர் வைத்திருந்தாள். அது இவளைக் கண்டால் மட்டும் கம்பிக்கு வெளியே கையை நீட்டும்.

இராஜசிங்கம் ஆபீஸ் தலைமைக் கிளார்க். யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடிக்காத கை. டாக்டர் பென்னட் என்ற வெள்ளைக்காரத் துரைக்கும் தமிழ் வேலையாட்களுக்கும் நடுவே இருந்த ஒரே வாய் அவருடையது. துரை சொல்வது இவர் வழியாகத்தான் இறங்கும், ஆட்கள் சொல்வது இவர் வழியாகத்தான் ஏறும். அந்த வாய்க்கு இருந்த பலம் அப்போது பூவம்மாவுக்குத் தெரியவில்லை.

1957இல் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அரை நாள் வேலை முடிந்து துரை மேட்டு பங்களாவுக்குப் போன பிறகு, இராஜசிங்கம் ஒரு துணிப்பையோடு சுத்தக் கொட்டகையின் பின்வாசலுக்கு வந்தார்.

"பூவம்மா, உமக்கு ஒரு விசயம் சொல்லுறன். ஆருக்கும் சொல்லக் கூடாது."

"சொல்லுங்கய்யா."

அவருக்கு ஏழரைச் சனி பிடித்திருந்தது. சிராங்கூன் ரோட்டு ஜோசியர் பரிகாரம் சொல்லியிருந்தார். சனி விலகும்வரை சனிக்கிழமைதோறும், சனிக்கு உரிய எண் எட்டு என்பதால் எட்டு வாழைப்பழம், தன் கையாலேயே குரங்குக்குக் கொடுக்க வேண்டும். தின்கிற வாய், கொடுக்கிறவரின் தோஷத்தைச் சேர்த்து வாங்கிக்கொண்டுவிடும்.

"காட்டுக் குரங்குக்குக் குடுத்தா ஆகாதாய்யா?"

"அதுகள் கண்டதையும் தின்னுற சாதி. இதுகள் சுத்தமான பிராணி. சுத்தமானதுக்குக் குடுத்தாத்தானே பலன் கூட."

இதில் பூவம்மாவுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அனுமார் குலத்துக்குப் பழம் கொடுப்பதைத் தடுக்கிற பாவத்தை அவள் ஏன் கட்டிக்கொள்ள வேண்டும்? மூக்குத்துணியை எடுத்து நீட்டினாள். அவர் வேண்டாமென்று விட்டார். முகத்தை மூடிக்கொண்டா சாமிக்குப் படைக்கிறது என்று கேட்டார். அதுவும் அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. பெர்மாங்கனேட்டில் நனைத்த பழம் படையலுக்கு ஆகாது என்றார். அதற்கும் தலையாட்டினாள். துரை எழுதி மாட்டியிருந்த அத்தனை விதியும் சாமி காரியத்துக்கு இல்லை என்று இரண்டு பேருமே மனசார நம்பினார்கள். அவர் கூண்டு கூண்டாகப் பழம் நீட்டும்போது இவள் பின்வாசலில் காவல் நின்றாள். பிறகு எட்டுத் தோலையும் பொறுக்கிப் புதைத்தாள். அவர் இடையிடையே இருமுவார். "சனியன் தொண்டையில ஏறி இருக்குது" என்பார். அவளும் பாவப்பட்டாள்.

பதினொரு மாதம் இப்படிப் போனது. 1958 ஆகஸ்டில் வழக்கமான இமை ஊசி போட்டார்கள். இரண்டாம் நாள் காலையில் பூவம்மா உள்ளே போனபோது மொட்டையின் வலது இமை வீங்கி, கண்ணை மூடிக்கொண்டு தொங்கியது. அடுத்த கூண்டிலும் அப்படியே. மூன்றாம் நாள் பதினொரு குரங்குக்கு வீங்கியிருந்தது. ஒன்றுக்கு வந்தால் அந்தக் கொட்டகையே போயிற்று என்பது அங்கே கணக்கு. ஐம்பத்திரண்டையும் ஊசி போட்டுக் கொன்றார்கள். வேறு யார் பிடித்தாலும் கடித்துக் குதறும் என்பதால், ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு நின்றவள் பூவம்மா. மொட்டை கடைசி வரை அவள் விரலை விடவில்லை.

மறுநாள் விசாரணை. வேலையாட்களுக்கு எடுத்த நெஞ்சுப் படங்கள் இன்னும் வந்து சேரவில்லை. துரை கேட்டார், இராஜசிங்கம் தமிழில் சொன்னார்.

"வெளியிலயிருந்து ஏதும் உள்ளே போனதோ எண்டு கேக்கிறார்."

பூவம்மா அவர் முகத்தையே பார்த்தாள். அவரே சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இவள்தான் சொன்னாள். "ஐயாதான் சனிக்கிழமை சனிக்கிழமை பழம் குடுத்தாரு. நானும் தெரியாம விட்டுட்டேன். ஐயாவுக்குத்தான் இருமல். அதையும் துரைகிட்ட சொல்லுங்க."

இராஜசிங்கம் நிதானமாக இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவர் முடிப்பதற்குள் துரை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். துரை பார்த்தது பூவம்மாவை. மூன்று மாதமாக இருமலை மறைத்துக்கொண்டு வேலை செய்ததாக இவளே ஒப்புக்கொண்டாள் என்று இராஜசிங்கம் சொல்லியிருந்தார். வேலையை விட்டு நீக்கிய கடிதத்தை மருதப்பன் ஆலையில் ஒருவரிடம் கொடுத்துப் படித்த பிறகுதான் அது தெரிந்தது.

படிக்கத் தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அன்று சாயங்காலத்துக்குள் வேலையாட்கள் குடியிருந்த லைன் வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது. குழாயடியில் இவள் வாளிக்குப் பின்னால் யாரும் வாளி வைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அவள் நெஞ்சுப் படம் வந்தது. சுத்தமாக இருந்தது. அந்தச் சின்னச் சீட்டை யார் பார்த்தார்கள்? மருதப்பனின் அண்ணி அன்னம்மா கிராஞ்சியிலிருந்து வந்து நாலு வயது தமயந்தியைத் தூக்கிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிச் சீட்டு நெஞ்சு நல்லா இருக்குன்னுதானே சொல்லுது அக்கா" என்று பூவம்மா கேட்டாள்.

"தொரை காயிதம் வேற சொல்லுதே. தொரை பொய் எழுதுவாரா? தொரை அதை மாத்தி எழுதட்டும், பிள்ளைய அனுப்புறேன்."

மருதப்பன் வாசற்படியில் நின்று காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் அவனும் அண்ணன் வீட்டோடு போய்ச் சேர்ந்தான். நல்ல மனுஷன்தான், முதுகெலும்பு மட்டும் வைக்க மறந்துவிட்டார்கள். பூவம்மா மூன்று தடவை ஆராய்ச்சிக் கூடத்து வாசலுக்குப் போனாள். மூன்று தடவையும் காவல்காரன் உள்ளே கேட்டுவந்து விரட்டினான். அவன் கேட்டது இராஜசிங்கத்திடம்.

லைன் வீடும் போன பிறகு அவள் நகரத்துக்குள், தேக்கா சந்தைப் பக்கம் வந்தாள். பஃபலோ ரோட்டில் அப்துல் முத்தலிப் என்பவரின் வாழைப்பழக் கடையில் தார் வெட்டி, சீப்புப் பிரித்து அடுக்கும் வேலை கிடைத்தது. பழைய கதையை அவரிடம் மறைக்கவில்லை, ஆஸ்பத்திரிச் சீட்டையும் காட்டினாள். "நெஞ்சு சுத்தம்னு போட்டிருக்குல்ல, அப்புறம் என்ன லா, வேலையப் பாரு" என்று கத்தியைக் கையில் கொடுத்தார். ஐந்து வருஷத்தில் அவளுக்கு நடந்த ஒரே நல்லது அதுதான் என்று எழுதிவிடலாம். மாதம் ஒருமுறை கிராஞ்சிக்குப் போவாள். பிள்ளையை வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்திக் காட்டுவார்கள். திரும்பும் பஸ்ஸில் அவள் அழமாட்டாள். இராஜசிங்கத்தின் வீட்டில் என்னென்ன சாவு விழ வேண்டும் என்று வரிசையாக நினைத்துக்கொண்டு வருவாள். கொலைவெறி என்று சொல்லக் கூசுகிறவர்கள் வேறு சொல் வைத்துக்கொள்ளட்டும்.

1963 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை, கடை வாசலில் கஞ்சி போட்ட ஒரு வெள்ளைச் சட்டை வந்து நின்றது.

"எட்டுப் பழம் தாரும். பிசாங் மாஸ். அடிபடாததாப் பாத்து."

அந்தச் சின்ன மஞ்சள் பழத்துக்கு நீண்ட பூவம்மாவின் கை நின்றுவிட்டது. அவர் இவளை அடையாளம் காணவில்லை. வருஷக்கணக்கில் இவளைப் பெரும்பாலும் மூக்குத்துணிக்கு மேலே இரண்டு கண்ணாகவே பார்த்தவர். தவிர, கடைக்காரியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மெலிந்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தில் வளையம்போல் சுற்றி நின்றது. நெற்றியில் விபூதி. பக்கத்துக் கோயிலில் எள் விளக்கு ஏற்றிவிட்டு நேரே வந்திருக்கிறார். பழத்தை வாங்கிக்கொண்டு திரும்பி, தூணைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

அவர் போன திசையைப் பார்த்தபடியே பூவம்மா அடுத்த தாரை வெட்டினாள். இன்னும் கொடுக்கிறார்! ஐம்பத்திரண்டு உயிர் போன பிறகும் கொடுக்கிறார் என்றால், அது அவருக்குப் பலித்ததாகத்தானே நினைத்திருக்க வேண்டும்? குரங்குகள் தோஷத்தை வாங்கிக்கொண்டு செத்தன, பழி ஒரு கூலிக்காரிமேல் போனது, இவருக்கோ அந்த வருஷமே சூப்பரின்டென்டன்ட் பதவி. இதற்கு மேல் ஒரு பரிகாரம் எப்படிப் பலிக்க வேண்டும்?

அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். யாரிடம் சொல்வது, யார் வாயால் சொல்வது? நான்காம் தடவையும் வாசலோடு திருப்புவார்கள், அவரும் உஷாராகிவிடுவார். தப்ப முடியாதபடி பிடிக்க வேண்டும். அப்படி நினைத்து அவள் மூன்று மாதம் காத்தாள். சனிக்கிழமைதோறும் நல்ல பழமாக எட்டு எடுத்துக் கொடுத்தாள். அந்த மூன்று மாதத்துக்காக அவள் பிறகு வருத்தப்பட்டதைப் பின்னால் சொல்கிறேன்.

வழியைக் காட்டியது கேசரிப் பவுடர். முத்தலிப் வீட்டு விசேஷத்துக்குக் கேசரி கிண்டிய கை மூன்று நாள் ஆரஞ்சு நிறத்திலேயே இருந்தது. தின்னக்கூடியது, ஒருத்தருக்கும் ஒன்றும் செய்யாது, ஆனால் லேசில் போகாது. பவுடரைக் கெட்டியாகக் குழைத்து, தென்னை ஈர்க்கில் தோய்த்து, பழத்தின் நுனி வழியாக உள்ளே இறக்கிப் பார்த்தாள். முதல் பத்துப் பழம் வெடித்தது. பிறகு கை பழகியது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உரித்தால் நடுத்தண்டு முழுக்க ஆரஞ்சு.

அடுத்தது கடிதம். சிராங்கூன் ரோட்டில் மனு எழுதிக்கொடுக்கும் ஒருவரிடம், நடந்தது அத்தனையையும் துரைக்கு இங்கிலீஷில் எழுதி வாங்கினாள். அதை எடுத்துக்கொண்டு நாலு கடை தள்ளி இருந்த வேறொரு மனு எழுதுகிறவரிடம் போய், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் படிக்கச் சொன்னாள். ஒரு வாயை நம்பிக் கெட்டவள் இன்னொரு வாயை அப்படியே நம்புவாளா? இரண்டாமவர் படித்தது இவள் சொன்னதோடு பொருந்தியது. கடிதத்தின் கடைசி வரிகளை அவள் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்: "நான் பேசுவதை மொழிபெயர்க்க நீங்கள் திரு. இராஜசிங்கத்தைக் கூப்பிடுவீர்கள். இந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் சொல்லாமல் கூப்பிடுங்கள். மேலே எழுதியிருப்பதையேதான் நான் பேசுவேன், 1958இலும் அதையேதான் சொன்னேன். அவர் என்ன சொல்கிறார் என்று இப்போது கேளுங்கள்."

ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை. காலையில் அவர் வந்தார். கேசரி ஏறிய எட்டுப் பழத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அதே சீப்பில் மிச்சமிருந்த இரண்டை முந்தானையில் முடிந்துகொண்டு பச்சை பஸ் ஏறினாள். இந்தத் தடவை வாசலுக்குப் போகவில்லை. ரப்பர் தோட்டத்துக் குறுக்குவழியாக மேட்டு பங்களாவுக்கே போய் நின்றாள். மணி இரண்டு.

டாக்டர் பென்னட் தலை நரைத்திருந்தார். கடிதத்தைப் படித்தார். அவளைப் பார்த்தார். மறுபடி படித்தார். பூவம்மா முந்தானையை அவிழ்த்து ஒரு பழத்தை உரித்துக் காட்டினாள். மனப்பாடம் செய்து வந்த மூன்று சொல்லைச் சொன்னாள். "கம் சார். சீ."

துரை செருப்போடு இறங்கி வந்தார். சுத்தக் கொட்டகையின் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார். உள்ளே எட்டுக் குரங்கின் வாய், மீசை, கை எல்லாம் ஆரஞ்சு. கலியாண வீட்டில் பந்திக்கு முந்தியவர்கள்போல் உட்கார்ந்து விரலை நக்கிக்கொண்டிருந்தன. துரைக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அவர் கத்தவில்லை. ஆபீஸுக்குப் போய், இராஜசிங்கத்தைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

இராஜசிங்கம் வந்தார். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். பூவம்மாவைக் கண்டதும், முதலில் பழக்கடைக்காரியாகவும் பிறகு வேறு ஆளாகவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இவ என்ன சொல்றான்னு கேளுங்க" என்கிற மாதிரி துரை கையைக் காட்டினார். கடிதம் அவர் மடியில் இருந்தது.

பூவம்மா எழுந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகப் பேசினாள். "ஐயா, நான் சொல்றத அப்படியே துரைகிட்ட சொல்லுங்க. உங்களுக்கு ஏழரைச் சனி. ஆறு வருஷமா சனிக்கிழமை மத்தியானம் கொட்டகைக்குள்ள போயி உங்க கையால எட்டுப் பழம் குடுக்கிறீங்க. உங்க நெஞ்சில காசம் இருக்கு. அம்பத்திரண்டு குரங்கும் உங்களாலதான் செத்துச்சு. எம் பேருல பொய் சொன்னீங்க. சொல்லுங்க."

அந்த நிமிஷத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் பூவம்மா என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, துரையைப் பார்த்து, பழைய நிதானத்தோடு இங்கிலீஷில் சொன்னார். பழைய வேலைக்காரி, நோய் குணமாகிவிட்டது, வேலை கேட்டு வந்திருக்கிறாள் என்று.

துரை கடிதத்தை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தார். பிறகு எழுந்து வந்து, இராஜசிங்கத்தின் வலது கையை முதுகுக்குப் பின்னாலிருந்து பிடித்து முன்னே இழுத்தார். வெள்ளைச் சட்டையின் மணிக்கட்டுப் பக்கம், சின்னக் குழந்தை கைபோல ஐந்து விரலும் ஆரஞ்சு நிறத்தில் பதிந்திருந்தது. இன்னொரு பழம் கேட்டு ஏதோ ஒரு குரங்கு சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறது. சுற்றிலும் ஈரம். குழாயடியில் நின்று தேய்த்திருக்கிறார். கேசரிப் பவுடர் தேய்த்தால் போகுமா?

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கினார். துரை கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். ஐந்து வருஷத்துக்கு முன் பார்த்த அதே அசைவு. இந்தத் தடவை துரை பார்த்தது அவரை. பூவம்மாவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அந்தச் சுகத்தை அவள் பின்னாளில் யாரிடமும் மறைத்ததில்லை.

இராஜசிங்கத்தின் நெஞ்சுப் படத்தில் இரண்டு பக்கமும் ஓட்டை இருந்தது. இடையில் சில வருஷம் அடங்கிக் கிடந்த காசம் மறுபடி திறந்துகொண்டது என்றார்கள். குரங்குகளுக்கு இமை ஊசி போட்டார்கள். எழுபத்திரண்டு மணி நேரத்தில் ஆறு குரங்குக்கு இமை தொங்கியது. கொட்டகையில் மொத்தம் நாற்பத்து நாலு. பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று துரை கூச்சத்தோடு கேட்டு அனுப்பினார். பூவம்மா போனாள். வாயில் ஆரஞ்சு போகாத எட்டையும் சேர்த்து நாற்பத்து நாலையும் பிடித்தாள். மார்ச் மாதமே ஓடிவந்து கத்தியிருந்தால், துரை நம்பாவிட்டாலும் வாசலில் விழுந்து புரண்டிருந்தால், இதில் எத்தனை பிழைத்திருக்கும்? அந்தக் கேள்வியை ஒவ்வொரு குரங்கும் அவள் கையில் துவளும்போது கேட்டாள். அதற்காக அவள் அழுதாள். இராஜசிங்கத்துக்காக ஒரு சொட்டும் விடவில்லை.

துரை புதுக் கடிதம் எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார். 1958இல் நோயைக் கொண்டுவந்தது இந்தப் பெண் அல்ல, இவள் அன்றும் இன்றும் நோயில்லாதவள், அன்று எழுதியது தவறு. பூவம்மா இரண்டு மனுக்காரரிடமும் படித்துக் கேட்டுவிட்டு, கிராஞ்சிக்குப் போனாள்.

மருதப்பன் ஆலை ஆள் ஒருவரை வைத்துப் படித்தான். அன்னம்மா உள்ளே போய், தமயந்தியை வேலிக்கு இந்தப் பக்கம் கூட்டிவந்து விட்டாள். பெண்ணுக்கு ஒன்பது வயது. இரட்டைப் பின்னல். பூவம்மா முழங்காலில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். தமயந்தி நாலடி நடந்து வந்தாள். அங்கேயே நின்று, ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள். யாரும் அவளுக்கு அப்போது சொல்லவில்லை. ஐந்து வருஷம் சொல்லிக்கொடுத்தது தானாக வந்தது.

"கைய எடுடி, அம்மாவுக்கு ஒண்ணுமில்ல" என்றான் மருதப்பன்.

பிள்ளை கையை எடுக்கவில்லை. மூச்சை வேறு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பழகணும்ல பூவு. போகப் போகச் சரியாயிடும்" என்றான்.

பூவம்மா எழுந்தாள். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள்.

அந்த வாரச் சனிக்கிழமை சாயங்காலம், காசநோய் ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். நீள வார்டு, இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள். இராஜசிங்கம் கட்டில் சட்டத்துக்கு உள்ளே சாய்ந்து கிடந்தார். பூவம்மா பையைத் திறந்து பிசாங் மாஸ் சீப்பிலிருந்து ஒன்றைப் பிய்த்து எடுத்தாள். எட்டுப் பழம் இருந்த சீப்பு அது. அவர் பார்த்துவிட்டார்.

"பூவம்மா, நான் செய்தது பிழை. உம்மட்ட மன்னிப்புக் கேக்கிறன்."

"மன்னிப்பு கிடக்கட்டும். பழத்தைச் சாப்பிடுங்க."

"அதை உம்மட கையால வாங்கித் திண்டா என்ன நடக்கும் எண்டு உமக்குத் தெரியும்."

"நீங்கதானய்யா சொல்லிக் குடுத்தீங்க. எம் பிள்ளை என்னைக் கண்டு மூக்கைப் பொத்துறா. அது எனக்கு வேணாம். நீங்க வாங்கிக்கங்க."

பழத்தை உரித்து, கட்டில் சட்டத்தின் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டிப் பிடித்தாள். பக்கத்துக் கட்டில்காரர், பாவம், யாரோ சொந்தக்காரப் பெண் என்று நினைத்து, "சாப்பிடுங்க சார், ஆசையா கொண்டாந்திருக்காங்க" என்றார். இராஜசிங்கம் அவள் கையையே வெகுநேரம் பார்த்தார். அது பின்வாங்கவில்லை. கடைசியில் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு தின்றார். தொண்டையில் இறங்குகிறவரை பூவம்மா நின்று பார்த்தாள்.

பிறகு தோலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மீதி ஏழையும் அவர் எட்டும் தூரத்தில் அலமாரிமேல் வைத்தாள். போகும் வழியில் நர்ஸை நிறுத்தி, அடுத்த சனிக்கிழமையும் இதே நேரத்துக்குத்தான் உள்ளே விடுவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.